ஒரு கட்டடம் எழும்பும்போது நாட்டோட பொருளாதாரத்துல என்னெல்லாம் அசையுது?

சாரம் கட்டி பச்சை வலை போட்டு மூடி வச்சிருக்கிற ஒரு கட்டடத்த கடந்து போகும்போது நம்ம கண்ணுக்கு தெரியறது கொஞ்சம் பேர்தான். கொத்தனார் ரெண்டு பேர், கலவை எடுத்துக் குடுக்கிற சித்தாள் நாலு பேர், கம்பி கட்டுறவங்க, சென்ட்ரிங் பலகை அடிக்கிறவங்க, கீழ நின்னு எல்லாத்தையும் மேய்க்கிற மேஸ்திரி. ஆனா அந்த ஒரு கட்டடத்துக்காக வேற எங்கெங்கயோ வேலை செஞ்சுக்கிட்டு இருக்கிறவங்கள எண்ண ஆரம்பிச்சா கணக்கு நீண்டுக்கிட்டே போகும், சிமெண்ட் ஆலைல சூளைய பாத்துக்கிறவர், இரும்பு உருக்குற இடத்துல நிக்கிறவர், குவாரில கல் உடைக்கிறவர், ராத்திரி முழுக்க லாரி ஓட்டி லோடு இறக்குறவர், ஒயர், சுவிட்ச், பைப், டைல்ஸ் செய்யற கம்பெனிங்க, பிளான் போட்டுக் குடுத்தவங்க, கடன் குடுத்த பேங்க்ல ஃபைல் பாக்கிறவர் வரைக்கும். கட்டுமானத் துறைய பத்தி பொருளாதாரத்துல ஏன் இவ்ளோ பேசுறாங்கன்னு புரிஞ்சுக்கணும்னா இந்த கண்ணுக்கு தெரியாத ஆளுங்க கிட்ட இருந்துதான் ஆரம்பிக்கணும்.

முதல்ல கட்டுமானம்னா எது எதுன்னு தெளிவா வச்சுக்கலாம். வீடு, அபார்ட்மெண்ட் ஒரு வகை. ஆபீஸ், ஃபேக்டரி, ஆஸ்பத்திரி, கடைங்க இன்னொரு வகை. ரோடு, பாலம், அணை, ரயில் பாதை, துறைமுகம், குடிநீர் குழாய், சாக்கடை இதெல்லாம் உள்கட்டமைப்பு. ஏற்கனவே கட்டினத ரிப்பேர் பண்றது, இடிக்கிறது கூட இதுக்குள்ளதான் வரும்.

இங்க நிறைய பேர் குழப்பிக்கிற ஒரு விஷயம் இருக்கு, ரியல் எஸ்டேட்டும் கட்டுமானமும் ஒண்ணு இல்ல. இருபது வருஷம் முன்னாடி கட்டின வீட்ட ஒருத்தர் இன்னொருத்தருக்கு விக்கிறார்னு வைங்க, எவ்ளோ பெரிய தொகை கை மாறினாலும் அந்த வீட்டோட விலை இந்த வருஷத்து ஜிடிபில, அதாவது நாட்டுல ஒரு வருஷத்துல உற்பத்தியானதோட மொத்த மதிப்புல, சேராது, ஏன்னா அந்த வீடு இருபது வருஷம் முன்னாடியே கட்டி முடிச்சு அப்பவே கணக்குல ஏறிடுச்சு. புரோக்கருக்கு குடுத்த கமிஷன், வக்கீல் ஃபீஸ் மாதிரி இந்த வருஷம் நடந்த வேலைக்கு உண்டான கூலி மட்டும்தான் சேரும். காலி மனையும் அப்படித்தான், ஒரே மனை பத்து பேர் கை மாறி விலை பத்து மடங்கு ஏறினாலும் அங்க புதுசா ஒரு செங்கல் கூட வைக்கல, அதனால நாட்டோட உற்பத்தி அதால கூடல. மனை விலை ஏறுறத பாத்து நாடு முன்னேறுதுன்னு சொல்றவங்க இந்த வித்தியாசத்த ஒரு தடவ யோசிக்கணும்.

இப்ப அடுத்த குழப்பம். ஒரு இடத்துல பாத்தா கட்டுமானம் ஜிடிபில 5, 6 சதவீதம்னு போட்டிருக்கும், வேற இடத்துல 13 சதவீதம்னு போட்டிருக்கும், எது சரின்னு கேட்டா ரெண்டுமே சரிதான், அளக்கிற விதம்தான் வேற. ஒரு கட்டடத்துக்கு ஆன மொத்த செலவு 100ன்னு வச்சுக்கோங்க. அதுல சிமெண்ட், கம்பி, பெயிண்ட், கண்ணாடி செஞ்சவங்களோட பங்கு உற்பத்தித் துறை கணக்குல போயிடும், மணல் ஜல்லி சுரங்கத் துறைக்கு, லாரி வாடகை போக்குவரத்துக்கு, டிசைன் போட்டவங்க ஃபீஸ் சேவைத் துறைக்கு. இதெல்லாம் பிரிச்சுக் குடுத்தது போக சைட்ல வேலை பாத்தவங்க கூலியும் கான்ட்ராக்டரோட லாபமும்னு மிஞ்சுறது எவ்ளோவோ அது மட்டும்தான் 'கட்டுமானம்'ங்கிற தலைப்புல நிக்கும். ஒரே பொருள ரெண்டு தடவ எண்ணிடக் கூடாதுங்கிறதுக்காக இப்படி பிரிக்கிறாங்க, அதுக்கு மதிப்புக் கூட்டல்னு பேரு. அப்படி பிரிச்சதுக்கு அப்புறம் நிறைய நாடுகள்ல 5லருந்து 8 சதவீதம் வரைக்கும் வரும். பிரிக்காம மொத்த செலவையும் பாத்தா பெருசாத் தெரியும், மெக்கின்சிங்கிற ஆலோசனை நிறுவனம் 2017ல போட்ட கணக்குப்படி உலகம் முழுக்க கட்டுமானத்துக்காக வருஷத்துக்கு ஆகுற செலவு கிட்டத்தட்ட 10 லட்சம் கோடி டாலர், உலக ஜிடிபில 13 சதவீதத்துக்கு சமம், உலகத்துல வேலை செய்யறவங்கள்ல 7 சதவீதம் பேர் இதுல இருக்காங்க. என்னை கேட்டா இந்த துறையோட எடைய புரிஞ்சுக்கணும்னா பெரிய நம்பரத்தான் பாக்கணும், ஏன்னா கட்டுமானம் நின்னுச்சுன்னா நிக்கப் போறது அந்த 5 சதவீதம் மட்டும் இல்ல.

ஆல்பர்ட் ஹிர்ஷ்மேன்னு ஒரு பொருளாதார அறிஞர் 1958லயே இத அழகா பிரிச்சு சொல்லியிருக்கார். ஒரு தொழில் தனக்கு வேண்டிய சரக்க வாங்கும்போது பின்னாடி இருக்கிற தொழிலையும் சேத்து இழுக்கும், தான் செஞ்சத குடுக்கும்போது முன்னாடி இருக்கிற தொழில தள்ளிவிடும். கட்டுமானத்துக்கு ரெண்டுமே பலமா இருக்கு. பின்னாடி பாருங்க, உலகத்துல உருக்குற இரும்புல பாதி கட்டடத்துக்கும் உள்கட்டமைப்புக்கும்தான் போகுது, வருஷத்துக்கு சுமார் 400 கோடி டன் சிமெண்ட் தயாராகுது, அதுக்கு கட்டுமானத்த விட்டா வேற போக்கிடமே கிடையாது. முன்னாடி பாத்தா ஒரு வீடு முடிஞ்ச உடனே ஃபேன், லைட், கட்டில், பீரோ, திரைச்சீலைன்னு அடுத்த ஆறு மாசத்துக்கு வாங்குற வேலை நடந்துக்கிட்டே இருக்கும், ஒரு பாலம் முடிஞ்சா அந்தக் கரைல இருக்கிறவரோட விளைச்சல் இந்தக் கரை சந்தைக்கு ஒரே நாள்ல வந்து சேரும். எந்த தொழில் எந்த தொழில் கிட்ட இருந்து எவ்ளோ வாங்குதுன்னு மொத்தமா ஒரு பெரிய அட்டவணையா போட்டு காட்டினவர் வாசிலி லியான்டீஃப், 1973ல அதுக்கு நோபல் பரிசு குடுத்தாங்க, இன்னைக்கும் நாடுகளோட புள்ளியியல் ஆபீஸ்ங்க அந்த மாதிரி அட்டவணைதான் போட்டுக்கிட்டு இருக்காங்க.

வேலைவாய்ப்பு பக்கம் வந்தா இன்னொண்ணு இருக்கு. படிப்பு அதிகம் இல்லாத ஒருத்தர், ஊர விட்டு முதல் தடவ வெளிய வேலைக்கு வர்ற ஒருத்தர், உடனே சேர்ந்து நாலு காசு பாக்கக் கூடிய தொழில் கட்டுமானம். விவசாயத்துல இருந்து வெளிய வர்ற பல லட்சம் பேருக்கு முதல் வாசல் இதுதான், இது ஒரு நாட்டு கதை இல்ல, தொழில்மயமான பல நாட்டுலயும் ஏறக்குறைய இப்படித்தான் நடந்திருக்கு. அதோட அந்தக் கூலி பேங்க்ல போய் படுத்துக்காது, வாங்கின வாரமே அரிசி, துணி, ஸ்கூல் ஃபீஸ், ஃபோன் ரீசார்ஜ்னு செலவாகி கடைக்காரர் கைக்கு போகும், அவர் கிட்ட இருந்து இன்னொருத்தருக்கு. இப்படி ஒரு செலவு பல கைகள்ல சுத்தி மொத்த வருமானத்த பெருக்குறதுக்கு பெருக்கி விளைவுன்னு பேரு. ரிச்சர்ட் கான்ங்கிற பொருளாதார அறிஞர் 1931ல இத கணக்கா காட்டினார், கெயின்ஸ் 1936ல அத எடுத்து பெரிய கோட்பாடாவே ஆக்கிட்டார்.

அதனாலதான் மந்தநிலை வந்தா அரசாங்கங்க ரோடு போடவும் பாலம் கட்டவும் ஓடுது. அமெரிக்காவுல 1930கள்ல பெரும் மந்தம் வந்தப்ப 1935லருந்து 1943 வரைக்கும் ஒரே ஒரு வேலைத் திட்டத்துல கிட்டத்தட்ட 85 லட்சம் பேருக்கு வேலை குடுத்தாங்க, ரோடு, ஸ்கூல், பாலம், ஏர்போர்ட்னு கட்டினாங்க, அதுல பல இன்னைக்கும் பயன்பாட்டுல இருக்கு. ஆனா பெருக்கி எல்லா நேரமும் ஒரே மாதிரி வேலை செய்யாது. ஆளுங்க வேலை இல்லாம சும்மா இருக்கும்போது செலவு பண்ணா வேலை பெருகும், எல்லாரும் ஏற்கனவே வேலைல இருக்கும்போது அதே செலவ பண்ணா கூலியும் சிமெண்ட் விலையும்தான் ஏறும், தனியார் கட்டிக்கிட்டு இருந்த வீடு ஆள் கிடைக்காம பாதில நிக்கும். கம்பி, மெஷின் எல்லாம் வெளிநாட்டுல இருந்து வர்ற நாடா இருந்தா பெருக்கத்தோட ஒரு பங்கு அங்க போயிடும்.

இன்னும் முக்கியமா, என்ன கட்டுறோம்னு ஒரு கேள்வி இருக்கே, அத ஜிடிபி கேக்கவே கேக்காது. ஆயிரம் வண்டி போற ரோடும் பத்து வண்டி போற ரோடும் கட்ட ஒரே செலவு ஆச்சுன்னா ரெண்டையும் ஜிடிபி ஒரே மாதிரிதான் எழுதிக்கும். ஜப்பான்ல 1990கள்ல சொத்து விலை சரிஞ்சதுக்கு அப்புறம் பொருளாதாரத்த தூக்கி நிறுத்த வருஷா வருஷம் பொதுப்பணிக்கு பணத்த கொட்டினாங்க, ஆள் குறைஞ்சுக்கிட்டே வர்ற கிராமப்புறத்துல எல்லாம் பெரிய பெரிய ரோடும் பாலமும் வந்துச்சு, வேலை கிடைச்சது உண்மை, ஆனா வளர்ச்சி திரும்பல, அரசாங்கத்தோட கடன் மட்டும் மலை மாதிரி நின்னுச்சு. கட்டுற மூணு வருஷம் வேலை குடுக்கிறது ஒரு பயன், கட்டி முடிச்சு அம்பது வருஷம் அது நமக்கு உழைக்கிறது இன்னொரு பயன். முதல் பயன் எந்த குழிய வெட்டினாலும் கிடைச்சிடும், ரெண்டாவது சரியான எடத்துல சரியான பொருள கட்டினா மட்டும்தான் வரும், இந்த கட்டுரைல ஒண்ணே ஒண்ணு மனசுல நிக்கணும்னா எனக்கு இதுதான் நிக்கணும்.

இனி இந்த துறையோட ஏத்த இறக்கம். கட்டுமானம் பெரும்பாலும் கடன்லதான் நடக்குது, வீடு வாங்குறவரும் கடன், கட்டுறவரும் கடன். அதனால வட்டி ஏறின உடனே முதல்ல நிக்கிறது இதுதான். சோப்பு வாங்குறத யாரும் தள்ளிப் போட மாட்டாங்க, வீடு கட்டுறத தாராளமா ரெண்டு வருஷம் தள்ளிப் போடலாம். அதே மாதிரி வட்டி இறங்கினா முதல்ல எழுந்திரிக்கிறதும் இதுதான். இதனால புதுசா எத்தனை வீட்டுக்கு அனுமதி வாங்கியிருக்காங்க, எத்தனை வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டியிருக்காங்கன்னு பாத்தே நாட்டோட அடுத்த வருஷம் எப்படி இருக்கும்னு கணிக்கிறாங்க, அமெரிக்காவுல இந்த புள்ளிவிவரம் மாசா மாசம் வருது, பங்குச் சந்தைக்காரங்க அதுக்காக காத்துக்கிட்டு இருப்பாங்க. எட்வர்ட் லீமர்ங்கிற பொருளாதார அறிஞர் 2007ல இத ரொம்ப அழுத்தமா சொன்னார், ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் அமெரிக்காவுல வந்த மந்தநிலைல பெரும்பாலானது வீட்டுக் கட்டுமானம் தளர்ந்ததுக்குப் பின்னாடிதான் வந்துச்சுன்னு.

அவர் சொல்லி கொஞ்ச நாள்லயே எல்லாரும் அத கண்ணால பாத்தாங்க. 2005ல அமெரிக்காவுல சுமார் 20 லட்சம் வீடு கட்ட ஆரம்பிச்சாங்க, 2009ல அது வெறும் 5.5 லட்சம். கட்டுமானத்துல மட்டும் 20 லட்சம் பேருக்கு மேல வேலை போச்சு. ஸ்பெயின்ல இன்னும் கொடுமை, அங்க வேலை பாக்கிறவங்கள்ல எட்டுல ஒருத்தர் கட்டுமானத்துல இருந்த காலம் அது, வீட்டு மோகம் உடைஞ்சதும் 2007ல 8 சதவீதமா இருந்த வேலையில்லாத் திண்டாட்டம் 2013ல 26 சதவீதத்த தொட்டுச்சு. பதினாறு வயசுல படிப்ப விட்டுட்டு நல்ல சம்பளம்னு சைட்டுக்கு போன பையன் இருபத்தஞ்சு வயசுல வெறுங்கையோட நிக்கிறான், அவன் கத்துக்கிட்ட கைத்தொழிலுக்கு நாடு முழுக்க வேலை இல்ல. சதவீதத்துல எழுதும்போது இந்த வலி தெரியறதில்ல.

சீனாவுல நடந்தது வேற மாதிரி. அங்க வீடு கட்டுறதுக்கு முன்னாடியே முழுப் பணமும் வாங்கிடுற வழக்கம் பரவலா இருந்துச்சு, கம்பெனிங்க இந்த வீட்டுக்கு வாங்கின பணத்த எடுத்து அடுத்த மனைய வாங்கிப் போட்டாங்க, அந்த வீட்டுக்கு வந்த பணத்துல இத கட்டினாங்க. விலை ஏறிக்கிட்டே இருக்கிற வரைக்கும் சக்கரம் சுத்தும். 2020ல அரசாங்கம் இவ்ளோ கடனுக்கு மேல வாங்கக் கூடாதுன்னு கோடு போட்டதும் சக்கரம் நின்னு போச்சு, 30,000 கோடி டாலருக்கு மேல பாக்கி வச்சிருந்த எவர்கிராண்டேங்கிற பெரிய வீட்டுக் கம்பெனி 2021 கடைசில கடன கட்ட முடியாம விழுந்துச்சு, 2024 ஜனவரில ஹாங்காங் கோர்ட் அத கலைச்சிடுங்கன்னு உத்தரவு போட்டுச்சு. பாதி கட்டின வீட்டுக்கு மாசா மாசம் தவணை கட்டிக்கிட்டு இருந்த குடும்பங்க பல ஊர்ல தவணைய நிறுத்துறோம்னு அறிவிச்சாங்க. ஒரு நாட்டோட பொருளாதாரம் கட்டுமானத்து மேல சாய்ஞ்சு நிக்கலாம், ஆனா முழுப் பாரத்தையும் அதும் மேலயே வச்சா என்ன ஆகும்னு இத விட தெளிவா காட்ட முடியாது.

துறைக்குள்ள பணம் எப்படி போகுதுன்னும் கொஞ்சம் சொல்லணும். பெரிய கான்ட்ராக்டர் வேலைய எடுப்பார், அவர் பல சப் கான்ட்ராக்டருக்கு பிரிச்சு குடுப்பார், அவங்க கீழ மேஸ்திரி, மேஸ்திரி கீழ கூலி ஆளுங்க. பணம் மேல இருந்து கீழ வரணும், வேலை கீழ இருந்து மேல போகும். லாபம் பல நேரம் ரெண்டு மூணு சதவீதம்தான், அதனால ஒரு பில் லேட் ஆனா கூட கீழ இருக்கிறவர் தவிச்சுப் போவார். பிரிட்டன்ல கரில்லியன்னு ஒரு பெரிய கம்பெனி 2018 ஜனவரில திவால் ஆனப்ப சுமார் 30,000 சப்ளையருக்கு பாக்கி இருந்துச்சு, பில்லுக்கு பணம் குடுக்க 120 நாள் வரைக்கும் எடுத்துக்கலாம்னு ஒப்பந்தத்துலயே எழுதி வச்சிருந்தாங்க. நாலு மாசம் பணம் இல்லாம சின்ன கம்பெனி எப்படி தாக்குப் பிடிக்கும்?

எல்லாத்துக்கும் கீழ இருக்கிற தொழிலாளி நிலைமை இத விட மோசம். சர்வதேச தொழிலாளர் அமைப்பு கணக்குப்படி வருஷத்துக்கு குறைஞ்சது 60,000 பேர் கட்டுமான சைட்ல விபத்துல சாகுறாங்க, அதாவது பத்து நிமிஷத்துக்குள்ள ஒருத்தர். உயரத்துல இருந்து விழறது, மண் சரிஞ்சு மூடுறது, கரண்ட் அடிக்கிறதுன்னு காரணம் எல்லாம் தெரிஞ்சதுதான். சாரத்துக்கு தடுப்பு கம்பி போட்டு, இடுப்புல பெல்ட் கட்டி, குழிக்கு பக்கவாட்டு முட்டு குடுத்திருந்தா இதுல பெரும்பாலானது நடந்திருக்காது. இதுக்கு ஆகுற செலவ மிச்சம் பிடிச்சு காட்டுற லாபத்த நான் லாபம்னு ஒத்துக்கவே மாட்டேன்.

இப்ப வருங்காலத்துக்கு வரலாம், ஆனா அதுக்கு முன்னாடி இந்த துறையோட பெரிய நோய் ஒண்ண பாக்கணும். மத்த பல தொழில்லயும் ஒரு ஆள் ஒரு மணி நேரத்துல செய்யற வேலையோட அளவு வருஷா வருஷம் ஏறிக்கிட்டு இருக்கு. அதே மெக்கின்சி கணக்குல முந்தின 20 வருஷத்துல இது உற்பத்தித் துறைல வருஷத்துக்கு 3.6 சதவீதம் ஏறியிருக்கு, உலகப் பொருளாதாரம் மொத்தமா பாத்தா 2.8, கட்டுமானத்துல வெறும் 1 சதவீதம். அமெரிக்காவுல ஆராய்ச்சி பண்ணவங்க 2020ல ஒரு கட்டுமானத் தொழிலாளியோட உற்பத்தித்திறன் 1970ல இருந்தத விட சுமார் 40 சதவீதம் கம்மியா இருக்குன்னு கணக்கு போட்டு காட்டினாங்க. ஐம்பது வருஷத்துல முன்னேறாம இருக்கிறது வேற, பின்னாடி போறது வேற.

ஏன் இப்படி? தொழிலாளி சோம்பேறின்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. கார் ஃபேக்டரில ஒரே கார லட்சம் தடவ செய்யறாங்க, இங்க ஒவ்வொரு கட்டடமும் புதுசு, மண்ணு வேற, பிளான் வேற, டீமும் வேற. மழை வந்தா வேலை நிக்கும். வேலை எப்ப வரும் எப்ப நிக்கும்னு தெரியாததால மெஷின் வாங்கிப் போட கான்ட்ராக்டருக்கு தைரியம் வராது, ஆள் கூலி கம்மியா இருக்கிற நாட்டுல அதுக்கு அவசியமும் வராது. டிசைன் போடுறவர் ஒருத்தர், கட்டுறவர் வேற ஒருத்தர், ரெண்டு பேரும் பேசிக்கிறது பிரச்சனை வந்த பிறகுதான், பிளம்பிங் பைப் போற வழில பீம் நிக்கும், கட்டின சுவர உடைச்சு மறுபடி கட்டுவாங்க.

எல்லாத்துக்கும் மேல, முழுசா யோசிக்காம வேலைய ஆரம்பிக்கிறது. சிட்னி ஓபரா ஹவுஸ 1959ல ஆரம்பிக்கும்போது அந்த ஓடு மாதிரி கூரைய எப்படி கட்டுறதுன்னே முடிவாகல, 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர்ல 1963ல முடியும்னு சொன்னது 10 கோடியே 20 லட்சம் டாலர்ல 1973லதான் முடிஞ்சுது. இதுக்கு எதிர்ப்பக்கம் நியூயார்க்ல எம்பயர் ஸ்டேட் பில்டிங், 102 மாடி, 1930ல ஆரம்பிச்சு 410 நாள்ல முடிச்சாங்க. பல மாடிங்க ஒரே மாதிரி, எந்த இரும்பு எந்த நாள் எந்த மாடிக்கு வரணும்னு முன்னாடியே தீர்மானம். தொண்ணூறு வருஷம் முன்னாடி கம்ப்யூட்டர் இல்லாம இத செஞ்சிருக்காங்கன்னா வேகம் மெஷின்ல மட்டும் இல்லன்னு புரியுது இல்லையா, பேப்பர்ல ஒரு மாசம் கூட உக்காந்தா சைட்ல ஒரு வருஷம் மிச்சமாகும்.

அந்த பேப்பர் வேலைய இப்ப பிம்னு சொல்ற கம்ப்யூட்டர் மாடல்ல செய்யறாங்க. வெறும் படம் இல்ல அது, முழு கட்டடத்தையும் கம்ப்யூட்டருக்குள்ள முதல்ல ஒரு தடவ கட்டிப் பாக்கிற மாதிரி, எந்த பைப் எந்த பீம்ல முட்டுதுன்னு அங்கயே தெரிஞ்சிடும், எத்தனை டன் கம்பி வேணும்னும் அதுவே சொல்லிடும், கட்டி முடிச்சு முப்பது வருஷம் கழிச்சு ரிப்பேர் பண்ண வர்றவருக்கும் அந்த மாடல் உதவும். பிரிட்டன்ல 2016 ஏப்ரல்லருந்து மத்திய அரசாங்கத்தோட கட்டுமான வேலைங்களுக்கு இத கட்டாயம் ஆக்கிட்டாங்க.

அடுத்தது ஃபேக்டரில செஞ்சு சைட்ல பொருத்துறது. அறைய அறையாவே ஃபேக்டரில முடிச்சு, டைல்ஸ் ஒட்டி, பெயிண்ட் அடிச்சு, கிரேன்ல தூக்கி ஒண்ணு மேல ஒண்ணு வச்சு கோர்த்துடுவாங்க. வூஹான்ல 2020 தொடக்கத்துல 1,000 படுக்கை ஆஸ்பத்திரிய பத்தே நாள்ல நிறுத்தினது இந்த முறைலதான். சிங்கப்பூர்ல 2014லருந்து அரசாங்கம் விக்கிற சில நிலத்துல இப்படித்தான் கட்டணும்னு நிபந்தனையே போட்டுட்டாங்க, 56 மாடி வரைக்கும் கட்டியிருக்காங்க. மழை, தூசு, உயரம்னு எந்த ஆபத்தும் இல்லாம கூரைக்கு கீழ வேலை செய்யலாம்ங்கிறதே எனக்கு இதுல பெரிய விஷயமா படுது. ஆனா ஒரு சிக்கல் இருக்கு, ஃபேக்டரின்னா ஆர்டர் வந்தாலும் வராட்டாலும் வாடகையும் சம்பளமும் ஓடும், கட்டுமானமோ ஏறி இறங்குற தொழில். அமெரிக்காவுல கட்டெராங்கிற கம்பெனி சுமார் 200 கோடி டாலர் முதலீடு வாங்கி இத பெருசா செய்யப் போய் 2021 ஜூன்ல திவால் ஆச்சு. நிலையா ஆர்டர் குடுக்க அரசாங்கம் மாதிரி ஒரு பெரிய கை இல்லாம இந்த முறை பரவுறது கஷ்டம்.

முப்பரிமாண பிரிண்டிங் பத்தி வீடியோ நிறைய வருது, அமெரிக்காவுல டெக்சாஸ்ல 100 வீடு கொண்ட ஒரு குடியிருப்பையே அப்படி கட்டியிருக்காங்க. ஆனா பிரிண்டர் போடுறது சுவர மட்டும்தான், கூரை, ஜன்னல், ஒயரிங், பிளம்பிங் எல்லாம் பழையபடி ஆளுங்கதான் செய்யணும், ஒரு வீட்டுச் செலவுல சுவர் ஒரு பங்குதான். ட்ரோன் விட்டு சைட்ட அளக்கிறது, செங்கல் வைக்கிற ரோபோ இதெல்லாமும் வந்துக்கிட்டு இருக்கு, ட்ரோன் நல்லாவே வேலை செய்யுது.

நான் அதிகம் கவலைப்படுறது சிமெண்ட பத்திதான். உலகத்துல வெளியாகுற கார்பன் டை ஆக்சைடுல 7, 8 சதவீதம் சிமெண்ட்ல இருந்து வருது. இதுல ஒரு நுணுக்கம் இருக்கு, சூளைய 1,450 டிகிரிக்கு சூடு பண்ண எரிக்கிற நிலக்கரிதான் காரணம்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, ஆனா பாதிக்கு மேல வர்றது சுண்ணாம்புக் கல்லுக்குள்ள இருந்தே வருது. அந்தக் கல்லே கால்சியமும் கார்பனும் ஆக்சிஜனும் கட்டிப் பிடிச்சிருக்கிற ஒரு பொருள், சூடு பண்ணா கால்சியம் ஆக்சைடு தங்கிடும், கார்பன் டை ஆக்சைடு வெளிய போயிடும். அதனால சூரிய சக்தில சூளைய ஓட்டினா கூட அந்தப் பாதி குறையாது. அப்ப வழி என்னன்னா சிமெண்ட்ல சுண்ணாம்பு சூளைல வெந்த பங்க குறைக்கணும். அனல்மின் நிலைய சாம்பல கலக்கிறது பழைய வழி. எல்சி3ன்னு ஒரு புது கலவை இருக்கு, சாதாரண களிமண்ண கம்மியான சூட்டுல வேக வச்சு, வேக வைக்காத சுண்ணாம்புக் கல்பொடியோட சேத்து கலக்கிறாங்க, சுவிட்சர்லாந்து, கியூபா, இந்தியா ஆராய்ச்சியாளர்ங்க சேர்ந்து உருவாக்கினது, கார்பன் 40 சதவீதம் வரைக்கும் குறையும்னு சொல்றாங்க. களிமண் கிடைக்காத நாடு ரொம்ப கம்மி, அதனால இதுல எனக்கு நம்பிக்கை இருக்கு. இன்னொரு பக்கம் மரப்பலகைங்கள அடுக்கடுக்கா ஒட்டி அழுத்தி அதுலயே மாடிக் கட்டடம் கட்டுறாங்க, அமெரிக்காவுல மில்வாக்கி ஊர்ல 2022ல முடிஞ்ச ஒண்ணு 86 மீட்டர் உயரம்.

மணலும் அப்படித்தான். உலகம் வருஷத்துக்கு சுமார் 5,000 கோடி டன் மணலும் ஜல்லியும் எடுக்குதுன்னு ஐநா சுற்றுச்சூழல் அமைப்பு சொல்லுது. பாலைவனத்துல கொட்டிக் கிடக்கேன்னு தோணும், ஆனா அது காத்துல உருண்டு உருண்டு வழவழன்னு ஆயிடுச்சு, கான்கிரீட்ல சரியா பிடிக்காது. ஆத்துல தண்ணி அடிச்சு கொண்டு வர்ற சொரசொர மணல்தான் வேணும், அத அள்ளினா நிலத்தடி நீர் இறங்கும், பாலத்து தூணோட அடிமண் கரையும். கல்ல உடைச்சு செய்யற எம் சாண்டும், இடிச்ச கட்டடத்து கான்கிரீட்ட நொறுக்கி மறுபடி பயன்படுத்துறதும் இனி கூடிக்கிட்டேதான் போகும்.

ஆள் பஞ்சம் வர்ற இன்னொரு பெரிய மாற்றம். ஜப்பான்ல கட்டுமானத்துல 1997ல 68 லட்சம் பேருக்கு மேல இருந்தாங்க, இப்ப 48 லட்சம் போல இருக்காங்க, அதுல மூணுல ஒரு பங்குக்கு மேல 55 வயச தாண்டினவங்க. 2024 ஏப்ரல்லருந்து ஓவர்டைமுக்கு வருஷத்துக்கு இவ்ளோ மணி நேரம்தான்னு சட்டம் வேற வந்துடுச்சு. அங்க ரோபோவுக்கும் ஃபேக்டரி வீட்டுக்கும் இவ்ளோ முக்கியத்துவம் குடுக்கிறதுக்கு காரணம் ஆசை இல்ல, ஆள் இல்லாததுதான். பெத்தவங்க கொத்தனாரா இருந்தாலும் பிள்ளைங்கள இந்த வேலைக்கு அனுப்ப விரும்பாதது பல நாட்டுல பொதுவா நடக்குது, வெயிலும் ஆபத்தும் நிச்சயமில்லாத சம்பளமும் அப்படியே இருந்தா ஏன் அனுப்பணும்?

கடைசியா, யாரும் அதிகம் பேசாத ஒண்ணு, ரிப்பேர். இத்தாலில ஜெனோவா ஊர்ல 1967ல திறந்த மொராண்டி பாலம் 2018 ஆகஸ்ட் 14 மழைல இடிஞ்சு விழுந்து 43 பேர் செத்துப் போனாங்க. ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் உலகம் முழுக்க கொட்டின கான்கிரீட் எல்லாத்துக்கும் இப்ப அந்த வயசுதான் ஆகுது, உள்ள இருக்கிற கம்பி துருப்பிடிச்சு உப்பி கான்கிரீட்ட பிளக்க ஆரம்பிக்கிற வயசு. ஐரோப்பாவுல இன்னைக்கு நிக்கிற கட்டடத்துல 85 சதவீதத்துக்கு மேல 2050லயும் நிக்கும்னு அங்கத்த அரசு அமைப்பே சொல்லுது, அதனால 2030க்குள்ள மூணரைக் கோடி கட்டடத்த சூடு வெளிய போகாதபடி செப்பனிடணும்னு 2020ல திட்டம் போட்டாங்க. புதுப் பாலத்துக்கு திறப்பு விழா நடக்கும், பழைய பாலத்தோட பேரிங் மாத்தினா யாரும் விழா எடுக்க மாட்டாங்க, அதனால பட்ஜெட்ல முதல்ல வெட்டு விழறது இதுக்குத்தான்.

இந்த வேலைக்குத்தான் மெஷின் சுலபமா வராது. பழைய கட்டடத்துல ஒரு சுவர் மாதிரி இன்னொரு சுவர் இருக்காது, எங்க பூச்சு விட்டிருக்கு, எங்க உள்ள பொத்தலா இருக்குன்னு கருவி வச்சு அளந்தாலும் கடைசில ஒரு அனுபவப்பட்ட கொத்தனார் வந்து சின்ன சுத்தியலால தட்டித் தட்டி பாக்கணும். நல்ல எடத்துல கணீர்னு கேக்கும், விட்டுப் போன எடத்துல தொம்முனு கேக்கும், சாக்பீஸ் எடுத்து அந்த எடத்த சுத்தி வட்டம் போடுவார், அந்த வட்டத்துக்குள்ளதான் உடைக்கணும். அந்த காது பழக இருபது வருஷம் ஆகும், இப்ப சேர்ற பையன்தான் 2045ல அந்த வட்டத்த போடணும்.